புல் வெட்ட எத்தனை உரிமம்?

2017ஆம் ஆண்டு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், கார்டன்டேல் என்ற சிறுநகரத்தில் நடந்தது இது. கோடை விடுமுறையில் அக்கம்பக்கத்து வீடுகளில் புல் வெட்டிக் கைச்செலவுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தாள் ஒரு பதின்வயதுப் பெண். 110 டாலர் கட்டி வணிக உரிமம் வாங்காமல் இனியும் புல் வெட்டினால் நகராட்சியில் புகார் கொடுப்பேன் என்று அவள் குடும்பத்தின் காதுக்கு எட்டும்படி ஒருவர் சொன்னார். சொன்னவர் அதிகாரி இல்லை. அதே தெருக்களில் புல் வெட்டிப் பிழைத்த இன்னொருவர் என்றன செய்திகள். அதே ஆண்டு யூட்டா மாநிலம், 18 வயது நிரம்பாதவர்கள் அவ்வப்போது செய்யும் சிறு தொழிலுக்கு உள்ளாட்சிகள் உரிமம் கேட்கக் கூடாது என்று சட்டமே போட்டது.

புல்தரைப் பராமரிப்புத் தொழிலுக்கு என்னென்ன உரிமம் வேண்டும் என்று கேட்பவர்களுக்குக் கிடைக்கும் பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதன் காரணம் இந்தச் சம்பவத்திலேயே தெரிகிறது. ஒரு மாநிலம் சிறுவர்களை விலக்குகிறது, ஒரு நகரம் காசு கேட்கிறது, மத்திய அரசு புல்லைப் பற்றி வாயே திறப்பதில்லை. ‘புல்தரை உரிமம்’ என்று தனியாக ஒரு தாள் அமெரிக்காவில் கிடையாது. வண்டியில் மோவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போகிறவருக்கும், கூடவே தெளிப்பான் தொட்டியையும் ஏற்றிக்கொண்டு போகிறவருக்கும் சட்டத்தின் கண்ணில் இருக்கும் தூரம் மிகப் பெரியது. முன்னவர் கிட்டத்தட்டச் சுதந்திரப் பறவை. பின்னவர் தேர்வு எழுத வேண்டும், காப்பீடு காட்ட வேண்டும், கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி படிக்க வேண்டும்.

முதலில் மோவர்க்காரரின் கதையை முடித்துவிடலாம், அது சிறியது. வெறும் புல் வெட்டுவது, ஓரம் சீவுவது, இலை கூட்டுவது ஆகியவற்றுக்கு மாநில அளவில் தேர்வு வைக்கும் வழக்கம் இல்லை எனலாம். எந்தச் சிறு தொழிலுக்கும் உள்ள பொதுச் சடங்குகள் மட்டும்தான். வணிகப் பெயரைப் பதிய வேண்டும். பொறுப்பு வரையறுத்த நிறுவனமாகத் தொடங்குவதானால் அதற்கான பதிவு தனி. கலிபோர்னியாவில் அப்படித் தொடங்கினால் வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுக்கு 800 டாலர் குறைந்தபட்ச வரி உண்டு. மத்திய வருவாய்த் துறையின் தொழில் அடையாள எண் இலவசம். அதை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் இணையதளங்கள் ஏராளம், ஏமாற வேண்டாம். பிறகு நகராட்சி அல்லது கவுண்டியின் வணிக உரிமம். புளோரிடாவில் இதை ‘உள்ளூர் வணிக வரி ரசீது’ என்றே அழைக்கிறார்கள். நேர்மையான பெயர். உங்களுக்குத் தொழில் தெரியும் என்று அது சான்று சொல்வதில்லை, வரி கட்டியிருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்கிறது.

புதியவர்கள் கோட்டைவிடும் இடங்கள் வேறு. ஒன்று விற்பனை வரி. டெக்சாஸ், நியூயார்க், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் புல் வெட்டும் கூலிக்கே விற்பனை வரி உண்டு. ஒகாயோவில் ஆண்டு வரவு 5,000 டாலர் அளவைத் தொட்டால் உண்டு, கலிபோர்னியாவில் இல்லை. வாடிக்கையாளரிடம் வாங்காமல் விட்ட வரியை இரண்டு வருடம் கழித்துத் துறை கேட்டு வந்தால் கைக்காசைத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். இன்னொன்று வண்டி எடை. பிக்கப் வண்டி, இழுவை டிரெய்லர், அதன்மேல் இரண்டு பெரிய மோவர்கள் என்று சேர்த்தால், தயாரிப்பாளர் குறித்த எடைத் தாங்குதிறன் 10,001 பவுண்டைச் சுலபமாகத் தாண்டும். மாநில எல்லை கடந்து தொழில் செய்தால் மத்தியப் போக்குவரத்துத் துறையின் எண்ணை வண்டியில் ஒட்ட வேண்டும். பல மாநிலங்கள் எல்லைக்குள்ளேயே அதைக் கேட்கின்றன. ஆள் வைத்தால் தொழிலாளர் விபத்துக் காப்பீடும் சேர்ந்துகொள்ளும். 14, 15 வயதுப் பிள்ளையை வேலைக்கு வைத்தால், மத்தியத் தொழிலாளர் விதிப்படி விசையால் ஓடும் புல்வெட்டியை அவன் தொடக்கூடாது. அதே பையன் சொந்தமாகத் தொழில் நடத்தினால் அந்த விதி அவனைக் கட்டுப்படுத்தாது. முதலாளிக்கு ஒரு சட்டம், தொழிலாளிக்கு ஒரு சட்டம் என்பதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் கிடைக்காது.

இனித் தொட்டிக்காரர். கடையில் ஒரு மூட்டை விற்கிறார்கள்: உரமும் களைக்கொல்லியும் கலந்த குருணை. வீட்டுக்காரர் அதை வாங்கித் தன் புல்தரையில் தானே தூவலாம், உரிமம் எங்கே என்று யாரும் கேட்கப்போவதில்லை. அதே மூட்டையை அதே தரையில் நீங்கள் கூலிக்குத் தூவினால், ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் உரிமம் இல்லாத மருந்தடிப்பு என்ற குற்றம் அது. புதிதாகத் தொழிலுக்கு வரும் பலர் அபராதம் கட்டுவது இந்த இடத்தில்தான். புல் வெட்டப் போன இடத்தில் வாடிக்கையாளர், “அந்தக் களைக்கும் கொஞ்சம் மருந்து அடித்துவிடுங்களேன்” என்கிறார், வண்டியில் கைத்தெளிப்பான் இருக்கிறது, அடித்துவிடுகிறார்கள்.

இந்தப் பிரிவினையின் வேர் ஒரு மத்தியச் சட்டத்தில் இருக்கிறது. பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி, எலிக்கொல்லிச் சட்டம் 1947இல் வந்தபோது அது பெரும்பாலும் போலி மருந்தைத் தடுத்து விவசாயியைக் காக்கும் சட்டமாக இருந்தது. 1962இல் ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ நூல் வெளிவந்து நாட்டையே உலுக்கியது. 1970இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பிறந்தது. 1972இல் சட்டத்தை அடியோடு திருத்தி, மருந்துகளைப் பொதுப் பயன்பாட்டுக்கு உரியவை, கட்டுப்படுத்தப்பட்டவை என்று இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டாம் வகையைச் சான்று பெற்றவரோ அவரது மேற்பார்வையில் இருப்பவரோதான் கையாளலாம். மத்திய அரசின் கட்டாயம் அவ்வளவே. அதற்கு மேல் போனவை மாநிலங்கள்: கூலிக்கு அடிக்கிறாயா, அப்படியானால் கடையில் கிடைக்கும் சாதாரண மருந்தானாலும் உரிமம் வேண்டும் என்றன. 2017இல் திருத்திய மத்திய விதிப்படி சான்று பெறுவோருக்குக் குறைந்தது 18 வயது ஆகியிருக்க வேண்டும். சான்றின் ஆயுள் ஐந்து ஆண்டுக்கு மேல் நீளக் கூடாது. பல மாநிலங்கள் அதைவிடக் குறைவாகவே வைத்திருக்கின்றன.

உரிமம் தருவது பெரும்பாலான மாநிலங்களில் வேளாண்மைத் துறை. நியூயார்க்கில் சுற்றுச்சூழல் துறை, கலிபோர்னியாவில் மருந்துகளுக்கென்றே தனித் துறை. தேர்வு இரண்டு பகுதி. எல்லோருக்கும் பொதுவான அடிப்படைத் தாள் ஒன்று; ‘அலங்காரச் செடிகளும் புல்தரையும்’ என்ற வகைக்குரிய தாள் இன்னொன்று. பாடப் புத்தகத்தையும் பயிற்சி வகுப்பையும் அந்தந்த மாநிலத்துப் பல்கலைக்கழகங்களின் விரிவாக்கப் பிரிவுகள் தருகின்றன. டெக்சாஸ் ஏ அண்ட் எம், பென் ஸ்டேட், பர்டியூ, ரட்கர்ஸ் எல்லாம் இந்த வேலையை வருடம் முழுக்கச் செய்கின்றன.

தேர்வில் கேட்பது பூச்சியின் லத்தீன் பெயரை மட்டும் என்று நினைத்தால் தவறு. லேபிளைப் படிக்கத் தெரியுமா என்பதுதான் முக்கியம். அமெரிக்காவில் மருந்து லேபிளே சட்டம். அதில் எழுதியதற்கு மாறாகப் பயன்படுத்துவது மத்தியக் குற்றம். நம் ஊர் மருந்துக் கடையில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள் நஞ்சின் கடுமையைச் சொல்வதுபோல அங்கே ‘அபாயம்’, ‘எச்சரிக்கை’, ‘கவனம்’ என்ற பொருள்படும் சொற்கள் சொல்கின்றன. காற்றில் துளி எவ்வளவு தூரம் போகும், கழுவிய நீரை எங்கே கொட்டுவது, கையில் பட்டால் முதலில் என்ன செய்வது என்பவை அடுத்து வரும். பலர் தடுக்கி விழுவது கணக்கில். தெளிப்பான் 1,000 சதுர அடிக்கு 2 கேலன் கலவையைத் தருகிறது. தொட்டி 100 கேலன். லேபிள் 1,000 சதுர அடிக்கு 1.5 அவுன்ஸ் மருந்து என்கிறது. தொட்டியில் எவ்வளவு ஊற்ற வேண்டும்? தொட்டி 50,000 சதுர அடிக்கு வரும், ஆகவே 75 அவுன்ஸ். எளிய கணக்குதான். ஆனால் உங்கள் நடையின் வேகம் கூடினாலோ குழாய்முனை தேய்ந்தாலோ அந்த 2 கேலன் மாறிவிடும், விடை முழுவதும் பொய்யாகும். அளவைச் சரிபார்க்காத தெளிப்பான்காரர் தன் வாழ்நாள் முழுவதும் தப்பான அளவையே துல்லியமாக அடித்துக்கொண்டிருப்பார். இந்தத் தேர்வைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

குறை சொல்ல வேண்டியது தேர்வுக்கு முன் நிற்கும் வாசல்களை. புளோரிடாவில் புல்தரைக்கு மருந்தடிக்கும் தொழிலைச் சொந்தமாக நடத்தச் சான்று வேண்டுமானால், பொதுவாக முன்பே உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தில் மூன்று ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். நாளைய போட்டியாளரை உருவாக்கும் பொறுப்பை இன்றைய முதலாளியிடம் கொடுத்திருக்கிறார்கள். கலிபோர்னியா இதில் வேறு வழி கண்டது. முக்கியத் தொழிலாகத் தோட்டப் பராமரிப்பைச் செய்துகொண்டு இடையில் கொஞ்சம் மருந்து அடிக்கிறவருக்கென்றே ‘பராமரிப்புத் தோட்டக்காரர்’ என்று ஒரு சிறு பிரிவை வைத்திருக்கிறது. அதற்குரிய தேர்வில் தேறி, தொழில் உரிமம் எடுத்து, கவுண்டி வேளாண் ஆணையரிடம் பதிந்துகொண்டால் போதும். அறிவைச் சோதிக்கிறது, காத்திருக்க வைப்பதில்லை. இரண்டில் எது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மருந்துக்கு அடுத்தபடி உரம். இங்கே காரணம் ஏரியும் கடலும். புல்லுக்குப் போட்ட பாஸ்பரஸ் மழையில் வழிந்து நீர்நிலைக்குப் போய்ப் பாசியை வளர்க்கிறது. ஏரிகளின் மாநிலமான மினசோட்டா 2002இல் சட்டம் இயற்றி, 2005 முதல் மாநிலம் முழுவதும் புல்தரைக்குப் பாஸ்பரஸ் உரம் போடுவதைப் பெரும்பாலும் நிறுத்தியது. செசபீக் விரிகுடாவைக் காக்க மேரிலாந்து 2013 முதல் தொழில்முறை உரமிடுவோருக்குச் சான்றைக் கட்டாயமாக்கியது. நியூ ஜெர்சி 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் வழியே சான்று தருகிறது. புளோரிடாவில் 2014 ஜனவரி 1 முதல், கூலிக்கு உரம் தூவும் ஒவ்வொருவரும் பயிற்சி பெற்றுச் சான்று வைத்திருக்க வேண்டும். அங்குள்ள பினெல்லஸ் கவுண்டியில் மழைக்காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை நைட்ரஜன், பாஸ்பரஸ் உரங்களுக்கே தடை. சான்று கையில் இருந்தாலும் அந்த நான்கு மாதம் மூட்டையைப் பிரிக்க முடியாது.

அடித்த பிறகும் கடமை முடிவதில்லை. இல்லினாயில் மருந்தடித்த புல்தரையில் 4 அங்குலத்துக்கு 5 அங்குல அட்டை ஒன்றை நட வேண்டும், காயும்வரை புல்லில் கால் வைக்காதீர்கள் என்று அது சொல்லும். நியூயார்க் மாநிலத்தில் இந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட கவுண்டிகளில், சில வகைத் தெளிப்புக்கு 48 மணி நேரம் முன்பே பக்கத்து வீட்டாருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். தொழில்காரர்கள் முணுமுணுக்கும் விதி இது. ஆனால் வேலிக்கு அப்பால் கைக்குழந்தை தவழும் வீட்டுக்காரரின் பக்கம் நின்று பார்த்தால் 48 மணி நேரம் அதிகமில்லை.

ஊர் தானாகவே மருந்தைத் தடை செய்யலாமா என்ற கேள்வியில் அமெரிக்காவும் கனடாவும் பிரிந்த கதை சுவையானது. இரண்டும் 1991இல் தொடங்குகின்றன. விஸ்கான்சினில் கேசி என்ற சிற்றூர் மருந்து தெளிக்க அனுமதி வாங்க வேண்டும் என்று விதி போட்டிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போக, மத்தியச் சட்டம் ஊர்களின் கையைக் கட்டவில்லை என்று 1991இல் தீர்ப்பு வந்தது. மருந்து நிறுவனங்கள் உடனே மாநிலச் சட்டமன்றங்களுக்குப் போயின. விளைவாக இன்று 40க்கும் மேற்பட்ட மாநிலங்களில் உள்ளூர்த் தடைக்கு மாநிலச் சட்டமே ஏதோ ஒரு வகையில் முட்டுக்கட்டை போடுகிறது. அதே 1991இல் கனடாவின் கியூபெக்கில் ஹட்சன் என்ற சிற்றூர், அழகுக்காக மட்டும் மருந்தடிப்பதைத் தடை செய்தது. அதற்குப் பின்னால் ஜூன் இர்வின் என்ற தோல் மருத்துவர் இருந்தார். ஊர்க்கூட்டம் தவறாமல் போய்ப் பல ஆண்டுகள் பேசியவர். புல்தரை நிறுவனங்கள் வழக்காடின. 2001 ஜூன் 28 அன்று கனடா உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் நின்றது. தடை பிற ஊர்களுக்கும் மாகாணங்களுக்கும் பரவி, ஒண்டாரியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் மாகாணம் முழுவதற்குமான சட்டமாயிற்று.

ஒண்டாரியோவின் ஸ்கார்பரோவிலும் மார்க்கமிலும் வாழும் தமிழர்கள் இந்த வேறுபாட்டைத் தங்கள் வீட்டு முன்புறத்திலேயே பார்க்கலாம். அங்கே மஞ்சள் பூக்கும் டான்டெலியன் அவ்வளவு செழிப்பாக இருப்பதன் ஒரு காரணம் ஹட்சன். அழகுக்கான தெளிப்பு அங்கு அநேகமாக நின்றுவிட்டது. இரும்புச் சத்து அடிப்படையிலான களைக்கொல்லி போன்ற சில மட்டும் மிச்சம். அவற்றைக் கூலிக்கு அடிக்க அங்கும் மாகாண உரிமம் வேண்டும். தோட்டக்கலைத் தொழில்நுட்பர் என்ற தொழிற்சான்று ஒண்டாரியோவில் விருப்பத்துக்கு உரியது, கட்டாயமில்லை.

பராமரிப்பு எங்கே முடிகிறது, கட்டுமானம் எங்கே தொடங்குகிறது என்ற எல்லைக்கோடு அடுத்த கண்ணி. இருக்கும் புல்லை வெட்டுவது பராமரிப்பு. புதுப் புல் பதிப்பதும் கல்பாதை போடுவதும் கட்டுமானம். கலிபோர்னியாவில் 1,000 டாலரும் அதற்கு மேலும் போகும் நிலவடிவமைப்பு வேலைக்குச் சி-27 ஒப்பந்ததாரர் உரிமம் வேண்டும். 2024 முடியும்வரை அந்த வரம்பு 500 டாலராக இருந்தது. அந்த உரிமத்துக்கு நான்கு ஆண்டு அனுபவம், தேர்வு, 25,000 டாலர் பிணைப் பத்திரம். ஓரிகனில் இதற்கென்றே தனி வாரியம் இருக்கிறது. அதுவும் வெறுமனே புல் வெட்டுபவர்களைத் தொந்தரவு செய்வதில்லை. டெக்சாஸில் புல்தரைக்குப் பாசனக் குழாய் பதிக்க மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையத்தின் தனி உரிமம் தேவை, ஏனென்றால் அந்தக் குழாய் குடிநீர்க் குழாயோடு சேர்கிறது. மரத்தில் ஏறினால் கனெக்டிகட், மேரிலாந்து போன்ற இடங்களில் மர வல்லுநர் உரிமம். மண்ணைத் தோண்டுவதற்கு முன் நாடெங்கும் 811க்கு அழைக்க வேண்டும். எரிவாயுக் குழாய் எங்கே போகிறது என்று இலவசமாக வந்து குறித்துவிட்டுப் போவார்கள்.

தேசிய நிலவடிவமைப்போர் சங்கம், பன்னாட்டு மரவளர்ப்புச் சங்கம் போன்றவை தரும் சான்றிதழ்கள் மேலே சொன்னவற்றோடு குழம்பக் கூடாதவை. அவை தகுதியைக் காட்டும், வாடிக்கையாளரிடம் மதிப்பைக் கூட்டும். சட்டம் கேட்கும் உரிமத்துக்கு மாற்றாகா.

கருவியின் சத்தமும் இப்போது சட்டத்துக்குள் வந்துவிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் குடியிருப்புகளை ஒட்டிப் பெட்ரோல் இலை ஊதியைத் தடை செய்தபோது, 1998 ஜனவரியில் லத்தீன் அமெரிக்கத் தோட்டக்காரர்கள் நகர மன்றத்துக்கு வெளியே உண்ணாவிரதம் இருந்தார்கள். தலைநகர் வாஷிங்டனில் 2022 முதல் பெட்ரோல் இலை ஊதிக்கு முழுத் தடை. கலிபோர்னியா 2024 மாதிரி ஆண்டு முதல் புதிதாகத் தயாரிக்கப்படும் பெரும்பாலான சிறு பெட்ரோல் இயந்திரங்களுக்கே முடிவு கட்டும் விதியைப் போட்டது. முதல் போடுகிறவர்கள் எந்த இயந்திரத்தை வாங்குவது என்று முடிவு செய்யும் முன் இதைப் பார்ப்பது நல்லது.

அமெரிக்காவில் உள்ள தமிழர் பலருக்கு இன்னொரு தடை இருக்கிறது, அது வேளாண்மைத் துறையின் தடை இல்லை. எச்-1பி விசாவில் இருப்பவர் வார இறுதியில் கூலிக்குப் புல் வெட்டினாலும் அது அனுமதியற்ற வேலை. நகராட்சி உரிமம் கையில் இருப்பது அதைச் சரிசெய்யாது. 2015 முதல் சில எச்-4 துணைவர்களுக்குக் கிடைக்கும் வேலை அனுமதி அட்டை இருந்தால் தொழில் தொடங்கலாம். ஆள் பற்றாக்குறைக்குத் தொழில் நம்பியிருப்பது எச்-2பி என்ற பருவகால விசாவை. ஆண்டுக்கு 66,000 என்ற அதன் சட்ட வரம்பில் மிகப் பெரிய பங்கை எடுப்பது இந்தத் துறைதான்.

இவ்வளவு தாளும் தேவைதானா? 1950களில் அமெரிக்கத் தொழிலாளர்களில் இருபதில் ஒருவருக்குத்தான் உரிமம் தேவைப்பட்டது. 2015இல் வெள்ளை மாளிகை வெளியிட்ட அறிக்கை, நான்கில் ஒருவருக்கு மேல் தேவைப்படும் நிலை வந்துவிட்டதாகச் சொல்லி, வேலைவாய்ப்பும் விலையும் அதனால் பாதிக்கப்படுவதைச் சுட்டியது. புல்தரை விஷயத்தில் நான் வைக்கும் அளவுகோல் எளிது: தவறு நடந்தால் அடிபடுவது யார்? புல் கோணலாக வெட்டப்பட்டால் நட்டம் வீட்டுக்காரருக்கு. அடுத்த வாரம் ஆளை மாற்றிக்கொள்வார். மருந்து காற்றில் போனால், உரம் ஏரியில் கலந்தால், பாசன நீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பினால் அடிபடுகிறவர் அந்தப் பேரத்தில் இல்லாத மூன்றாமவர். அங்கே தேர்வும் உரிமமும் நியாயம். இந்த அளவுகோலால் பார்த்தால் மருந்துத் தேர்வு நிற்கும். உரச் சான்று நிற்கும். பக்கத்து வீட்டு அறிவிப்பு நிற்கும். போட்டியாளரிடம் மூன்று வருடம் ஊழியம் செய்யச் சொல்லும் விதியும், புல் வெட்டும் பெண்ணிடம் 110 டாலர் கேட்பதும் நிற்கா.

அதே அளவுகோல் இன்னொரு ஓட்டையையும் காட்டுகிறது. கூலிக்காரருக்குத் தேர்வு வைத்த சட்டம், தன் புல்லுக்குத் தானே மருந்தடிக்கும் வீட்டுக்காரரைத் தொடவே இல்லை. காற்றுக்கும் ஏரிக்கும் அந்த வேறுபாடு தெரியாது. மினசோட்டாவும் ஒண்டாரியோவும் இதைப் புரிந்துகொண்டன. ஆளைச் சோதிப்பதோடு நிற்காமல் பொருளையே கட்டுப்படுத்தின. வேறு பல மாநிலங்கள் இன்னும் மூட்டையைக் கடையில் வைத்துவிட்டு, கூலிக்குத் தூவுகிறவரை மட்டும் துரத்திக்கொண்டிருக்கின்றன.

தொழிலுக்கு வர நினைப்பவர்கள் வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். நகராட்சிப் பதிவு, பொறுப்புக் காப்பீடு, மோவர் ஆகியவற்றோடு முதல் பருவத்தை ஓட்டுங்கள். அந்தக் குளிர்காலத்தில், வேலை ஓய்ந்த மாதங்களில், உங்கள் மாநில வேளாண்மைத் துறையைத் தொலைபேசியில் அழைத்து எந்த வகைத் தேர்வு, என்ன அனுபவம், எவ்வளவு காப்பீடு என்று கேளுங்கள். விரிவாக்கப் பிரிவின் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். தெளிப்பான் தொட்டியைத் தேர்வு முடிவு வந்த பிறகு வாங்கினால் போதும். அதுவரை வாடிக்கையாளர் எவ்வளவு கெஞ்சினாலும் களைக்கு மருந்து அடிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.